சுவரடி நாற்காலி

வெர்னா ஹாஸ்கெல் இரண்டாம் தடவை கவாசிக்குப் போனது ஊழியம் செய்ய அல்ல, பழிவாங்க. சபையில் அப்படிச் சொல்ல முடியுமா? "கர்த்தர் மறுபடியும் கூப்பிடுகிறார்" என்று சொல்லிவைத்தாள். அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்து மில்பர்ன் சபையார் கண் கலங்கிக் கைதட்டினார்கள். மன்னிக்கப்பட்டவள் எப்படி எழுந்து நிற்கிறாள் பார் என்று ஒருவரை ஒருவர் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அந்தக் கைதட்டல் அவள் காதில் நாராசமாக விழுந்தது.

மன்னிக்கப்பட்டவளாம்! எதற்கு மன்னிப்பு என்று சொன்னால்தான் அவள் வயிற்றெரிச்சல் விளங்கும்.

வெர்னா ஊரில் தண்ணீர் வாரியத்து இன்ஜினியர். தொட்டி கட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போன தடவை சபையிலிருந்து ஒரு குழு ஆப்பிரிக்காவில் மலாவியின் வடபகுதியிலுள்ள கவாசி கிராமத்துக்குப் போனது. மலை ஊற்றைக் குழாயில் இறக்கி, கான்கிரீட் தொட்டி ஒன்று கட்டுவதாக ஏற்பாடு. வரைபடம் வெர்னாவுடையது. பல் டாக்டர் செங்கல் சுமந்தார், இன்சூரன்ஸ் ஏஜென்ட் கலவை குழைத்தார், எல்லாருக்கும் முதுகு பிடித்துக்கொண்டது, எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

இந்த மாதிரிப் பயணங்களில் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. சிமெண்ட் எப்போது இறுக வேண்டும் என்பதை விமான டிக்கெட் முடிவு செய்யும். இரண்டு வார லீவில் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொட்டுகிற மாதிரி ஒரு போட்டோ இல்லாமல் ஊர் திரும்ப மனசு வராது. "சுவர் இறுக ஒரு மாசம் ஆகும். நாம கிளம்பின பிறகு ஊர்க்காரங்களே நிரப்பிக்கட்டும்" என்று வெர்னா தலைபாடாக அடித்துக்கொண்டாள். குழுத் தலைவன் க்ளின்ட் பார்லோ சரி சரி என்று தலையாட்டினான். அவள் காய்ச்சலில் விழுந்து மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் தாமதம், அவனே வால்வைத் திறந்து தொட்டியை நிரப்பி, அதன் முன்னால் நின்று பல்லைக் காட்டினான். காட்டிய பல் உள்ளே போவதற்குள் சுவர் பிளந்துகொண்டது. கீழே சோளக்கொல்லை ஒன்று அடியோடு போயிற்று. கொல்லைக்காரியின் கால் முறிந்தது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை க்ளின்ட் பிரசங்க பீடத்தில் ஏறினான். குரலை எப்படிக் குழைத்தான் தெரியுமா?

"நம்ம சிஸ்டர் வெர்னாவோட கணக்குல ஒரு தப்பு நடந்துபோச்சு. அவங்க வேணும்னு செய்யல. நாம அவங்களை மன்னிச்சிடுவோம். எல்லாரும் எழுந்து அவங்க பக்கமா கையை நீட்டுங்க."

முழுச் சபையும் எழுந்தது. அத்தனை கையும் நீண்டது. காய்ச்சல் விட்டும் விடாமலும் உட்கார்ந்திருந்த வெர்னா "பொய்!" என்று கத்த வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அதைப் பார்த்து, மனம் திரும்பிவிட்டாள் என்று சபை சேர்ந்து அழுதது.

அதற்குப் பிறகு வாய் திறக்க வழியே இல்லை. மறுத்தால் திமிர் பிடித்தவள், மறுக்காவிட்டால் குற்றவாளி. சாவு விழுந்தாலும் ஆபரேஷன் நடந்தாலும் கோழியும் நூடுல்ஸும் சீஸும் போட்டு ஓவனில் வேகவைத்த தட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பது மில்பர்ன் வழக்கம். வெர்னா வீட்டு வாசலுக்கும் தட்டு தட்டாக வந்தது. மளிகைக் கடையில் பில் போடுகிறவள் கையைப் பிடித்து, "உங்களுக்காகத்தான் ஜெபிக்கிறோம்" என்றாள். ஆபீசில் அவள் வரைபடங்களை இன்னொருவன் சரிபார்த்த பிறகே கையெழுத்தானது. இத்தனை வருஷம் கட்டிக் காத்த பேர், ஒரு ஜெபத்தில் போயிற்று! அந்தப் பேர் திரும்ப வேண்டும். எவன் வாயால் போயிற்றோ அவன் வாயாலேயே, அதே சபை முன்னால் திரும்ப வேண்டும். அது கிடைக்கும்வரை அவளுக்குச் சோறும் இறங்காது, தூக்கமும் பிடிக்காது.

இடிந்த இடத்திலேயே புதுத் தொட்டி கட்டலாம் என்று க்ளின்ட் அறிவித்தபோது முதல் ஆளாகப் பேர் கொடுத்தாள். அவனுக்கும் மனம் குளிர்ந்துபோயிற்று. மன்னிக்கப்பட்ட இன்ஜினியரைப் பக்கத்தில் நிறுத்திவைத்தால் காணிக்கை சும்மா வந்து கொட்டாதா?

கவாசியில் இறங்கியதும் தண்ணீர்க் கமிட்டித் தலைவி நொண்டிக்கொண்டே வந்து எல்லாருக்கும் கை கொடுத்தாள். அவள் பேர் நியாலுங்கு. லுங்கு வீட்டில் பிறந்தவள் என்று அர்த்தம். மிஷன் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்ததால் வெள்ளைக்காரர்களிடம் பேச அவளுக்குக் கூச்சம் கிடையாது. வெர்னா முறை வந்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள்.

"நீங்கதானே அந்தச் சரிஞ்ச தொட்டியம்மா? வாங்க வாங்க. இந்தத் தடவை எந்தக் காலை உடைக்கப் போறீங்க? இன்னும் ஒண்ணு நல்லாத்தான் இருக்கு."

சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வெர்னாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அடப்பாவி, இங்கேயும் அந்தப் பொய்யை விதைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான்!

அன்று சாயங்காலமே நியாலுங்குவின் வீட்டுக்குப் போனாள். நியாலுங்கு அடுப்பில் சீமா என்கிற சோளமாவுக் களியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. வெர்னா நின்றபடியே கேட்டாள்.

"அன்னைக்கு வால்வைத் திறந்தது யாரு?"

"அந்த ஐயாதான். என் கண்ணு முன்னால."

"நான் எங்க இருந்தேன்?"

"ஆஸ்பத்திரியில. நீங்க அங்கேர்ந்து திறக்கச் சொல்லி அனுப்பினதா அவர் சொன்னாரே."

"நான் திறக்கவே கூடாதுன்னு சொன்னவ! ஒரு மாசம் ஆகணும்னு அந்த ஆள்கிட்ட தொண்டை கிழியக் கத்தினவ!"

நியாலுங்குவின் கையில் கரண்டி நின்றது. வெர்னாவை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முக்காலியைக் காலால் தள்ளிவிட்டாள். "உக்காரு" என்றாள். மரியாதை போய் உறவு வந்தது.

சீமாவையும் பொடிமீன் குழம்பையும் முன்னால் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் க்ளின்டை வாயாரத் திட்டினார்கள். திட்டத் திட்ட வெர்னாவுக்கு வெறி ஏறியது. மனதில் கிடந்ததைக் கொட்டிவிட்டாள்.

"இந்தத் தடவையும் கிளம்பறதுக்கு முன்னால நிரப்பத்தான் போறான். ஊர்ல சபை நடக்கும்போதே போன் வழியா நேரா காட்டப் போறானாம். நான் வாயே திறக்கப் போறதில்ல. திறக்கட்டும். எல்லாரும் பாக்க வெடிக்கட்டும்!"

"ஓகோ. உன் பழிக்கு என் தொட்டியா?" நியாலுங்கு சீறினாள். "அடியில நிக்கப்போறது யாரு? எங்க பொம்பளைங்கதானே? நீயும் அவனும் ஒரே குட்டையில ஊறினதுங்க போ!"

வெர்னாவுக்குச் சுருக்கென்று தைத்தது. கையில் பிடித்த சீமாவை வாயில் போடாமல் அப்படியே வைத்திருந்தாள். "தப்புதான்" என்றாள்.

"பழி வேணாம்னு யாரு சொன்னா?" நியாலுங்குவின் குரல் இறங்கியது. "எனக்கும் வேணும். மழை வந்தா இந்தக் கால் குடையற குடைச்சல் எனக்குத்தான் தெரியும். ஆனா சுவர்ல ஒரு கீறல் விழாம வாங்கணும். எங்க கமிட்டியில ஒரு சட்டம் இருக்கு. தொட்டி சரிஞ்ச பிறகு போட்டது. எவன் தண்ணியைத் திறக்கிறானோ அவன் தொட்டி நிறையற வரைக்கும் சுவரடியில நாற்காலி போட்டு உக்காரணும்."

"யாராவது உக்காந்திருக்காங்களா?"

"தொட்டியே இல்லாத ஊர்ல எங்க உக்கார்றது?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கோழிகள் சிதறி ஓடின. திட்டம் அங்கேயே முடிவாயிற்று. மேலே ஊற்றடியில் இருக்கிற பெரிய வால்வை நியாலுங்கு முன்னாலேயே மூடிவிடுவாள். க்ளின்ட் கீழே என்ன திருகினாலும் ஒரு சொட்டு இறங்காது. ஒரே ஒரு பயம்தான் வெர்னாவை அரித்தது.

"அவன் தைரியமா உக்காந்துட்டா?"

"உக்காந்தா அவன் நெஜமாவே விசுவாசிதான். நீ பொத்திக்கிட்டு ஊருக்குப் போய்ச் சேரு. குழாய் அடைச்சுக்கிச்சுன்னு நான் சொல்லிக்கிறேன்."

தொட்டி எழும்பியது. கான்கிரீட் வார்த்த பலகையைப் பிரித்தார்கள். கமிட்டிப் பெண்கள் சாக்கைச் சுவரில் போர்த்தி, காலையும் மாலையும் நனைத்தார்கள். கடைசி ஞாயிறு காலைச் சாப்பாட்டில் வெர்னா எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள். "க்ளின்ட், சுவர் இன்னும் பச்சை. நிரப்பினா தாங்காது. திறக்காதீங்க."

க்ளின்ட் அவள் தோளில் கை வைத்தான். "சிஸ்டர், போன தடவை பட்ட பயம் இன்னும் உங்களை விட்டுப் போகல. உங்களுக்காக ஜெபம் பண்றேன்." அந்தக் கையைக் கடித்துத் துப்பலாம் போலிருந்தது வெர்னாவுக்கு. குனிந்து காப்பியைக் குடித்தாள்.

மதியம் சாய்ந்தது. மில்பர்னில் அப்போதுதான் காலை ஆராதனை. அங்கே பெரிய திரையில் கவாசி தெரிந்தது. இங்கே பல் டாக்டர் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். பெண்கள் பாடி, குலவையிட்டு அடங்கினார்கள். க்ளின்ட் சலவைச் சட்டையில் நின்று நீளமாக ஒரு ஜெபம் செய்தான். ஆமென் சொல்லி வால்வில் கை வைத்தபோது நியாலுங்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். சுவரை ஒட்டிப் போட்டாள். சட்டத்தைச் சொன்னாள்.

"நல்ல வழக்கம்மா" என்று க்ளின்ட் போனைப் பார்த்துச் சிரித்தான். "நான் இப்படி ஓரமா நின்னுக்கறேன்."

"நின்னா ஓடறதுக்கு வசதி. உக்காருங்க ஐயா."

ஊரே சிரித்தது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தான். உட்கார்ந்தானா! வெர்னா நியாலுங்குவைப் பார்த்தாள். போயிற்று, எல்லாம் போயிற்று. இதற்கும் சேர்த்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடப் போகிறார்கள். க்ளின்ட் வால்வுக்குக் கையை நீட்டினான். நீட்டியவன் ஒரு தடவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தான். காலையில் நனைத்த ஈரம் சுவரில் கறுப்பாகப் படர்ந்திருந்தது. அவன் தலைக்கு மேல் அத்தனை உயரச் சுவர். கை பாதியில் நின்றது.

"வெர்னா, இது தாங்குமா?"

"என்னையா கேக்கறீங்க?" வெர்னா அசையவில்லை. "என் கணக்குத்தான் தப்பாச்சே. சபையே மன்னிச்சுதே."

"விளையாடாதீங்க. தாங்குமா, தாங்காதா?"

"போன தடவை திறக்கும்போது என்னைக் கேட்டீங்களா?"

"போன தடவை எதுக்குக் கேக்கணும்? ஒரு மாசம் ஆகணும்னுதான் நீங்க சொல்லிட்டீங்களே, நான்தானே..." அவன் கப்பென்று வாயை மூடிக்கொண்டான்.

போனுக்குள்ளிருந்து மூத்த பாஸ்டரின் குரல் கரகரத்தது. "க்ளின்ட், இப்ப என்ன சொன்ன?"

"உரக்கச் சொல்லுங்க ஐயா" என்றாள் நியாலுங்கு. "அவ்வளவு தூரத்துல இருக்கிறவங்களுக்குக் கேக்க வேணாமா? அன்னைக்கு யாரு திறந்தது? யாரு வேணாம்னது?"

க்ளின்ட் எழுந்திருக்கப் பார்த்தான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று அவன் இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் சுவரைப் பார்த்தான், போனைப் பார்த்தான், வெர்னாவைப் பார்த்தான்.

"வெர்னா வேணாம்னு சொன்னாங்க. நான்தான் திறந்தேன்."

எத்தனை நாள் காத்த வார்த்தை! வெர்னாவுக்கு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை குளிர்ந்தது. போய்ப் பல் டாக்டரின் கையிலிருந்து போனை வாங்கினாள். குரலை எப்படிக் குழைக்க வேண்டும் என்று அவளுக்கு ஏற்கனவே பாடம் ஆகியிருந்தது.

"சபையாரே, பிரதர் க்ளின்ட் ஒரு பொய் சொல்லிட்டாரு. வேணும்னு செஞ்சிருக்க மாட்டாரு. நாம அவரை மன்னிச்சிடுவோம். எல்லாரும் எழுந்து அவர் பக்கமா கையை நீட்டுங்க."

சின்னத் திரையில் மில்பர்ன் சபை திருதிருவென்று விழித்தது. பிறகு பழக்கதோஷத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். அத்தனை கையும் நீண்டது. வெர்னா போனைத் திருப்பி, அந்தக் கைகளை க்ளின்டின் முகத்துக்கு நேரே காட்டினாள். அவன் மறுபடியும் எழப்போனான்.

"எங்க கிளம்பிட்டீங்க?" நியாலுங்கு விடவில்லை. "மன்னிப்பை உக்காந்தே வாங்கிக்குங்க."

ஊர் திரும்பிய முதல் வாரமே ஆபீசில் வெர்னாவின் வரைபடங்களுக்கு மேல் விழுந்துகொண்டிருந்த இரண்டாவது கையெழுத்து நின்றது. மளிகைக் கடைக்காரி அவள் கண்ணைப் பார்க்கக் கூசினாள். அது போதாதா? வெர்னாவுக்குப் போதவில்லை. கோழியும் நூடுல்ஸும் சீஸும் வாங்கிவந்து தட்டு நிறைய வேகவைத்துக்கொண்டு க்ளின்ட் வீட்டு வாசலில் போய் நின்றாள். அடுத்த வாரமும் போனாள். அதற்கு அடுத்த வாரமும் போனாள்.

சுவர் இறுகியதும் கவாசியிலிருந்து போன் வந்தது.

"நியாஹாஸ்கெல், தொட்டி நிறைஞ்சிடுச்சு!" பின்னால் ஒரே குலவைச் சத்தம். "ஒரு கசிவு இல்ல. நாற்காலியில நான்தான் உக்காந்தேன்."

"பயமா இல்லையா?"

"உன் கணக்குதானே, எனக்கென்ன பயம்?"

போனை வைத்துவிட்டு வெர்னா சமையலறையில் கொஞ்ச நேரம் அழுதாள். முகத்தைக் கழுவினாள். ஓவனைப் பற்றவைத்தாள்.

அன்று க்ளின்ட் கதவைப் பாதிதான் திறந்தான். ஆள் பாதியாகி இருந்தான்.

"வெர்னா, போதும். தயவுசெய்து போதும்."

வெர்னா சுடச்சுடத் தட்டை அவன் கையில் திணித்தாள். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் தோட்டத்தில்தான் நின்றிருந்தார்கள்.

"எதுக்குக் கூச்சப்படறீங்க க்ளின்ட்?" என்று அவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள். "நாங்கதான் உங்களை மன்னிச்சுட்டோமே. அடுத்த வாரமும் வரேன்."