இருபத்திரண்டு புள்ளி ஏழு

வானூர் வீட்டுச் சுவரில் நான்கு அலமாரிப் பெட்டிகள் வரிசையாக உட்கார வேண்டும். மூன்று உட்கார்ந்தன. நான்காவது கால் அங்குலம் இடித்துக்கொண்டு வெளியே நின்றது. சங்கவி கணினியில் செய்த மாதிரியிலோ நான்கும் பொருந்தி, ஓரத்தில் அரை அங்குலம்போல மிச்சமும் இருந்தது. அதைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர் ஆர்டர் கொடுத்திருந்தார்.

திண்டிவனத்தில் தீனதயாளன் நடத்தும் மரப்பட்டறையின் முப்பத்தாறு அலமாரிகளையும், வாங்குகிறவர்கள் தங்கள் வீட்டுப் படத்துக்குள் இழுத்து வைத்துப் பார்க்கும்படி, ஒரு மென்பொருளுக்காக அவள் கணினி மாதிரிகளாகச் செய்து கொடுத்திருந்தாள். நான்கு மாத வேலை. அதற்கு முன் அவள் பில் போடும் மேசையில் இருந்தவள். விழுப்புரத்து மாலை வகுப்பில் சேர்ந்த பிறகுதான் கணினிப் பக்கம் வந்தாள்.

“தப்பு தச்சர்கிட்டயா, உன் படத்துலயா? காலையில எனக்குத் தெரியணும்மா,” என்றார் தீனதயாளன். “இல்லன்னா இந்தப் பட வேலையை மெட்ராஸ் கம்பெனிக்கிட்ட குடுத்துடறேன். நீ பழையபடி பில்லைப் பாரு.”

அவர் கத்தியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

வகுப்புக்குப் போகும் ஐந்தரை மணி பாசஞ்சரில் நோட்டைப் பிரித்தாள். தச்சர் இருதயராஜ் தன் கையால் எழுதிக் கொடுத்த அளவுகள். பெட்டியின் அகலம் 22.7. அவள் கணினியில் போட்டதும் அதேதான். நான்கு பெட்டிக்கு 90.8. சுவர் தொண்ணூற்றொன்றேகால் அங்குலம். மத்தியானத்திலிருந்து பதினோரு தடவை கூட்டியாகிவிட்டது. தன் கணக்கின்மேல் அவளுக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது.

விக்கிரவாண்டி தாண்டியதும் கூட்டுவதை விட்டுவிட்டாள். அலுப்பாக இருந்தது. எண்களைச் சும்மா பார்த்துக்கொண்டு வந்தாள். 14.3. 30.5. 11.1. இன்னொரு பக்கம். அதற்கடுத்த பக்கம். புள்ளிக்குப் பின்னால் எங்கேயும் எட்டு இல்லை. ஒன்பதும் இல்லை. வண்டி முண்டியம்பாக்கத்தில் நின்றபோது முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துத் தேடினாள். ஒன்றுகூட இல்லை.

விழுப்புரத்தில் இறங்கி, வகுப்புக்குப் போகாமல் நடைமேடையிலேயே நின்று இருதயராஜுக்குப் போன் செய்தாள்.

“அண்ணே, இருபத்திரண்டு புள்ளி ஏழுன்னு எழுதியிருக்கீங்களே, அந்த ஏழு இன்னா?”

“ஏழு நூலு.”

“அங்குலத்துக்கு எத்தினி நூலுண்ணே?”

அந்தப் பக்கம் ரம்பச் சத்தம் நின்றது. “எட்டு. ஏம்மா, கவர்மெண்டுல பத்தாக்கிட்டாங்களா?”

“நான் பத்துன்னு போட்டுட்டேன். எட்டுன்னா நாலு பெட்டிக்குத் தொண்ணூத்தொண்ணரை வருது, சுவரைவிடக் கால் அங்குலம் கூட.”

“நாலு மாசமாவா? பக்கத்து ரூம்புலதானே இழைச்சிக்கினு இருந்தேன், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல.” அவர் குரல் இறங்கியது. “பேஜாருதான். மெஷின் கோளாறுன்னு சொல்லிடு. அவருக்கு இன்னா தெரியும்?”

திரும்பி வரும் பஸ்ஸில் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த சுவரிலும் பெட்டி இடிக்குமே.

காலையில் தீனதயாளனிடம் நடந்ததைச் சொன்னாள்.

“அப்ப முப்பத்தாறும் தப்பு?”

“முப்பத்தொண்ணு சார். மத்த அஞ்சும் முழு அங்குலம்.”

அவர் போனை எடுத்தார். “சரி, நோட்டை மெட்ராஸ் கம்பெனிக்கு அனுப்பிடு.”

சங்கவி பேனாவை எடுத்து முதல் பக்கத்தின் தலைப்பில் எழுதினாள்: புள்ளிக்குப் பின்னால் இருப்பது நூல். எட்டு நூல் ஓர் அங்குலம்.

“இது எதுக்கு? பெரிய கம்பெனிம்மா அது.”

“அவங்களும் பத்துன்னுதான் சார் போடுவாங்க.”

அவர் அந்த வரியைப் படித்தார். போனை மேசைமேல் வைத்தார். “நீ பண்ணா எத்தினி நாளு ஆவும்?”

“ஒரு அளவு மாறினா பலகை, துளை எல்லாம் மாறும் சார். இருபது நாள்.”

“உக்காரு. பண்ணு.”

வேலை தன்னிடமே நின்றுவிட்டது என்று புரிந்ததும் அவளுக்கு முதலில் வந்தது கொட்டாவிதான். வாயைப் பொத்திக்கொண்டு கணினியைப் போட்டாள். இந்த மாதம் வகுப்புக்குப் போக முடியாது. முதல் அலமாரியைத் திறந்து அகலத்தை அழித்தாள்.