ஆறாவது கட்டில்

கிளவுஸ் போடாமல் நான் யாரையும் தொட்டதில்லை. வெறுங்கையோடு அசிங்கம் அள்ளுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாகூர்ப் பக்கத்தில் இருக்கும் இந்த முதியோர் இல்லத்தில் ஆண்கள் அறையைப் பார்த்துக்கொள்வது நான்தான். ஆறு கட்டில்கள். ஆறாவதில் என் அப்பா செல்லப்பன். நல்லவாட்டில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர், இரண்டு வருடமாகக் கை கால் விழுந்து கிடக்கிறார். பெற்ற அப்பனை மட்டும் நன்றாகக் கவனிக்கிறாள் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசக் கூடாதென்று அவரை எப்போதும் கடைசியாகத்தான் பார்ப்பேன்.

திங்கட்கிழமை முதல் கட்டில் சாமிநாதனுக்கு வயிற்றால் போனது. புதன்கிழமை இரண்டாவது, மூன்றாவது கட்டில்களுக்கும். வெள்ளிக்கிழமை சாமிநாதன் இறந்துபோனார். அன்று சாயங்காலமே நான்காவது கட்டில் நனைந்தது. பழைய மீனைப் போட்டுக் குழம்பு வைத்தாயா என்று சமையல்காரர் பக்கிரியிடம் சண்டைக்குப் போனேன். அவர் அழாத குறையாகச் சத்தியம் செய்தார். அப்பாவுக்கு மட்டும் வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீர் கொண்டுவந்து ஊட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஐந்தாவது கட்டில்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் சுவேதா வந்தபோது, மற்ற நான்கு பேருடைய வேலையையும் முடித்துவிட்டு அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். யாருக்கு என்றைக்கு வந்தது என்று கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"இந்த கிளவுஸ எப்பக்கா மாத்துவீங்க?"

பெருமையாகவே சொன்னேன். கட்டிலுக்குக் கட்டில் வாளித் தண்ணீரில் முக்கி எடுப்பேன், சாயங்காலம் கழற்றிக் கழுவிக் காயப்போடுவேன், ஒரு ஜோடி ஒரு வாரம் வரும் என்று.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். முதல் கட்டிலிலிருந்து மெதுவாக நடந்து வந்து அப்பாவிடம் நின்றாள்.

"நீங்க போற வரிசையிலதான்கா எல்லாருக்கும் வந்துருக்கு. இந்த கிளவுஸ் உங்க கையத்தான் காப்பாத்துச்சு."

கிளவுஸை உரித்தேன். உள்ளே என் கை வெளுத்துப்போய், சுத்தமாக இருந்தது. அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. காய்ச்சிய தண்ணீரையும் இந்தக் கிளவுஸோடுதான் ஊட்டியிருந்தேன். குழாயடிக்கு ஓடிப்போய்த் தோல் எரிகிற வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

திரும்பி வந்தபோது அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கஸ்தூரி, வயிறு இன்னாமோ பண்ணுதும்மா."

சுவேதா புது ஜோடி ஒன்றை நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை. ஆனாலும் வாங்கிப் போட்டுக்கொண்டேன், அப்பாவைத் துடைக்க வேறு யாரும் இல்லை.