சாவியில் பல் தடம்

"உன் வாட்ச்ல மணி எத்தனைம்மா?"

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த அன்று மாமனார் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். சாப்பிட்டாயா, களைப்பாக இருக்கிறதா என்றெல்லாம் கேட்கவில்லை. அவள் மணியைச் சொன்னதும் சுவரைக் காட்டிச் சிரித்தார். "இந்த வீட்டுல பத்து நிமிஷம் கூட. பழகிக்கோ."

பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். விரட்ட பஸ் இல்லாமல் போனதும் வீட்டை விரட்ட ஆரம்பித்தார். கூடத்துக் கடிகாரம், சமையலறைக் கடிகாரம், மகனின் அலாரம் எல்லாமே பத்து நிமிஷம் முன்னால் ஓடின. மகன் வாய் திறக்க மாட்டான். அவளும் பழகிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். யார் என்ன சொன்னாலும் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டுப் போகிறவள்.

ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்க்கிற வார்டுக்கு அவளைப் போட்டார்கள். பல நாள் கேட்டுக் கிடைத்த இடம். அந்தச் சந்தோஷத்தில் புது வாட்ச் ஒன்று வாங்கினாள். பேட்டரி இல்லாமல் தினமும் சாவி கொடுக்கிற ரகம். கடை மெக்கானிக் சொல்லிக் கொடுத்திருந்தார்: ஓரத்துச் சாவியை முதலில் திருகித் தளர்த்த வேண்டும், பிறகு இழுத்து மணி வைக்க வேண்டும், கடைசியில் அழுத்தித் திருகி மூட வேண்டும்.

மூடித்தான் வைத்தாள். ஆனால் காலையில் வாஷ்பேசின் மேல் தட்டிலிருந்து எடுக்கும்போதெல்லாம் சாவி திறந்தே கிடந்தது. புது வாட்சில் மரை சரியில்லையோ என்று நினைத்தாளே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை. காலை அவசரத்தில் மணியைப் போனோடு ஒத்துப் பார்க்கவும் இல்லை. வார்டில் போன் கூடாது. சுவர்க் கடிகாரமோ தூணுக்கு அந்தப் பக்கம். கையைப் பார்த்துத்தான் மருந்து கொடுத்த நேரத்தை எழுதினாள்.

புதன்கிழமை காலை வார்டுப் பெரிய சிஸ்டர் கேஸ் தாளைத் தூக்கிக் காட்டினார்.

"இப்ப மணி ஒன்பது அஞ்சு. ஒன்பது பத்துக்கு ஊசி போட்டதா எழுதியிருக்கே. நீ என்ன ஜோசியக்காரியா?"

"போட்டுட்டேன் மேடம். வாட்ச்..."

"போடாமலே எழுதற ஆளுங்க நிறைய பேரைப் பாத்துட்டேன். வெள்ளிக்கிழமை மேட்ரன் முன்னாடி வந்து சொல்லு. சரியான காரணம் இல்லைன்னா இந்த வார்டு உனக்கு இல்ல."

நோயாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் காது சுட்டது.

அன்று மாலை மெக்கானிக் வாட்சை மிஷினில் வைத்துப் பார்த்தார். "ஓட்டம் கச்சிதமா இருக்கு. நல்லா இறுக்கி மூடுங்க, போதும்." அவளும் மணியைச் சரியாக வைத்து, விரல் வலிக்க இறுக்கி மூடினாள். மறுநாள் காலையில் சாவியைத் தொட்டதும் அது கழன்று கையோடு வந்தது.

கடைக்கு ஓடினாள். மெக்கானிக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இடுக்கி போட்டு இழுத்திருக்கீங்க. பாருங்க, பல் தடம். மரை போச்சு, உள்ள தண்டும் வளைஞ்சிடுச்சு. இதுக்கு வாரண்டி வராதுங்க."

"நான் இழுக்கல."

"அப்ப வாட்ச்சே இடுக்கியத் தேடிப் போச்சா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "நான் பொய் சொல்றேனா? எங்க வீட்டுல என் பொருளை யாரும் தொட மாட்டாங்க!"

வீட்டுக்கு வந்தபோது மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஜன்னல் கட்டையில் இடுக்கி கிடந்தது.

"மாமா, என் வாட்சைத் தொட்டீங்களா?"

"தொட்டீங்களாவா? தினம் நான்தானே மணி வைக்கிறேன்." பேப்பரை மடக்கக்கூட இல்லை. "என்ன வாட்ச் வாங்கினியோ! நேத்து சாவி அசைவேனான்னு அடம் பிடிச்சுது. இடுக்கி போட்டுத்தான் வழிக்குக் கொண்டு வந்தேன்."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் குரலில் பெருமை வேறு.

"வார்டுல என்னைப் பொய் எழுதறவள்னு சொல்றாங்க மாமா."

"பத்து நிமிஷம் முன்னாடி இருந்தா யாருக்கும்மா நஷ்டம்?"

"எனக்கு! நாளைக்கு மேட்ரன் கூப்பிட்டிருக்காங்க. நீங்க வாங்க. நான்தான் திருப்பி வச்சேன்னு சொல்லுங்க."

"நானா? நல்லது பண்ணப் போய் ஆஸ்பத்திரியில கைகட்டி நிக்கணுமா?"

புருஷன் உள்ளேயிருந்து வந்தான். "விடேன், பெரியவர்தானே. வாட்ச் ரிப்பேர்னு சொல்லிடு. வேற வாங்கித் தரேன்."

"வாட்ச் நல்லாத்தாங்க இருந்துச்சு. இந்த வீடுதான் ரிப்பேர்."

இரண்டு ஆண்களும் அவளை ஏதோ பேசக் கற்றுக்கொண்ட நாற்காலியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். அவள் ஸ்டூலைப் போட்டு ஏறிக் கூடத்துக் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. தடுக்காததே பெரிய விஷயம் என்று எண்ணித்தான் படுக்கப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை குளித்துவிட்டுக் கூடத்துக்கு வந்தாள். போனையும் பார்த்தாள், சுவரையும் பார்த்தாள். கடிகாரம் மறுபடியும் பத்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

மாமனார் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "கிளம்பலையாம்மா? மணி பாரு, எங்கியோ போயிடுச்சு."

நேற்று வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது. இன்று அது இல்லை. வாட்சையும் கழன்ற சாவியையும் கைக்குட்டையில் முடிந்தாள். ஜன்னல் கட்டைக்குப் போய் இடுக்கியை எடுத்தாள். அதன் பல்லைச் சாவியின் தடத்தில் வைத்துப் பார்த்தாள். அச்சாகப் பொருந்தியது. எல்லாவற்றையும் டூட்டிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"ஏம்மா, இடுக்கியை எங்க எடுத்துட்டுப் போறே?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"அப்பா கேக்கறாருல்ல?" புருஷன் ஷேவிங் நுரையோடு எட்டிப் பார்த்தான். "சொல்லிட்டுத்தான் போயேன்!"

மாமனார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். அதற்குள் அவள் கதவைத் திறந்து படியிறங்கிப் போய்விட்டாள்.