வெள்ளைக் காருக்கு மறுவீடு

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. முருகேஸ்வரி ஒரு கேள்வி கேட்டாள். அதற்கு நேராகப் பதில் சொல்லத் துணிச்சல் இல்லாததால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். துணிச்சல் இல்லாதவர்கள் எல்லாரும் எழுத்தாளர் ஆகிவிடுவதில்லை. என் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று.

கேள்வி இதுதான்: "சாமி, அன்னைக்கு நீங்க போன்ல என்ன சொன்னீய? அவிய அப்பிடிச் சிரிச்சாவளே?"

அவிய என்றால் செந்தூர்பாண்டி, அவள் கணவர். ஏரலுக்குப் பக்கத்தில் நெல்லும் வாழையும் போடுகிறவர். போட்டவர். (காலத்தைத் திருத்தித் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. கதை முழுக்க இந்தத் தொல்லை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது வாசலில் வைத்துக் கேட்டாள். "அன்னைக்கு பூரா நெனச்சு நெனச்சுச் சிரிச்சாவ. என்னன்னு கேட்டதுக்கு, 'ஏளா, சாமி ஒரு கூத்து சொன்னாரு'ன்னாவ. அதுக்குள்ள மாடு அத்துக்கிட்டு ஓடிட்டு, எந்திச்சுப் போயிட்டாவ. நானும் கேக்க மறந்துட்டேன். அது என்ன கூத்துன்னு எனக்குச் சொல்லணும் சாமி."

செந்தூர்பாண்டி இறந்தது காரில். அந்தக் கார் என்னுடையது. அதாவது, என்னுடையதாக இருந்தது. அதாவது, காகிதத்தில் இன்றைக்கும் என்னுடையதுதான்.

அடுத்த தடவை வரும்போது சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"முத்துக் குளிக்கும் கடலோரத்தில், அலைகள்—"

நிறுத்திவிட்டேன். தூத்துக்குடியில் முப்பத்திரண்டு வருடமாக இருக்கிறேன். நகைக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் தவிர வேறெங்கும் நான் முத்தைப் பார்த்ததில்லை. இந்தக் கதையில் கடலுக்கு வேலை உண்டு, ஆனால் அது இந்த வேலை இல்லை.

இரண்டாவது முயற்சி:

"மேற்படி தேதியில் காலை சுமார் 10.15 மணியளவில், மேற்படி வெள்ளை நிறச் சிறிய கார், முன்னால் நின்றிருந்த வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோவின் பின்புறத்தில் மோதியதில்..."

இது போலீஸ் ஸ்டேஷனில் எழுதியது. என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் முக்கியமான விஷயம் இல்லை. மோதும்போது கார் முப்பதுக்கு மேல் போகவில்லை. ஆட்டோவில் இருந்த தார்களில் ஒரு காய்கூட நசுங்கவில்லை. காரின் விளக்கு உடையவில்லை. இறங்கி, ஆளுக்கு நாலு வசவு வைது, ஊர் பேர் விசாரித்து, கடைசியில் ரெண்டு பேரும் டீ குடித்துப் பிரிகிற அளவுக்கான மோதல் அது.

ஆனால் ஏர்பேக் விரிந்தது.

உயிரைக் காப்பாற்றுவதற்காக வைத்த பை. அதை ஊதுவதற்கு ஸ்டியரிங்குக்குள் ஒரு சின்ன இரும்பு டப்பா, டப்பாவுக்குள் வெடிமருந்து மாதிரி ஒரு மருந்து. வருடக்கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டுக்கொண்டே இருந்தால் மருந்து கெட்டுப்போகும்.* கெட்ட மருந்துக்குப் பையை ஊதுகிற பக்குவம் போய்விடும். டப்பாவையே பிளந்துவிடும். பிளந்த டப்பாவின் சில்லு ஒன்று, துணியைக் கிழித்துக்கொண்டு வந்து, பாண்டியின் கழுத்தில்

(இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்தேன். நான்கையும் அடித்துவிட்டேன். இப்படியே இருக்கட்டும்.)

* கடலுக்கான வேலை இங்கேதான் வருகிறது. கார் என்னிடம் ஒன்பது வருடம் இருந்தது. துறைமுகத்துக்குப் போகிற சாலையில், என் ஆபீஸ் வாசலில், உப்புக் காற்றுக்கு நேராக, நிழல் இல்லாத இடத்தில் நின்றது. கதவுக் கீல் துருப்பிடித்தபோது தேங்காயெண்ணெய் விட்டேன். உள்ளே என்ன கெட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. பாண்டியின் வயல்காட்டில் அது நின்றது நாலே வருடம்.

3

முதல் வரைவில் காரின் பழைய சொந்தக்காரராக, ஆழ்வார்திருநகரியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரைப் போட்டிருந்தேன். நல்ல மனுஷர். கார் கம்பெனியிலிருந்து கடிதம் வந்த அன்றே குடையை எடுத்துக்கொண்டு நேரில் போய் எச்சரிக்கிறார். பாண்டிதான் கேட்கவில்லை.

என் மனைவி கோமளவல்லி படித்தாள். என் எழுத்தைப் படிக்கும்போது அவள் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொள்வாள். அரிசியில் கல் பார்க்கிற முகம்.

"ஏன்னா, யாரு இந்த வாத்தியார்?"

"கதைல வர ஆளு."

"ரொம்ப நல்லவனா இருக்கானே. நமக்குத் தெரிஞ்சவனா?"

நான் பேனா மூடியைத் தேடினேன்.

"காரை வாத்தியாருக்குக் கொடுத்துட்டேள். லெட்டர் மட்டும் நம்மாத்துக்கு ஏன் வந்தது?"

வாத்தியாரை அன்றே வேலையை விட்டு நீக்கிவிட்டேன். அந்த இடத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். பெயர் வரது. கப்பல் ஏஜென்சியில் கிளார்க். ஓய்வு பெற்றவன். வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்கு எழுதுவேன். சிரிப்பு வரவழைப்பதைத் தவிர வேறு திறமை கிடையாது என்று ஊரில் பெயர். அந்தப் பெயர் எனக்குப் பெருமையாக இருந்தது.

பாண்டி முதலில் எங்கள் குடும்ப வயலை வாங்கினார். பிறகு காரை வாங்கினார். "ஒங்க வீட்டுல இனி வாங்குததுக்கு நீங்க மட்டுந்தான் பாக்கி சாமி. வெல சொல்லுங்க, பாப்பம்" என்பார். "கழிவு போக எடுத்துக்கும் ஓய்" என்பேன். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இந்த ரகம்தான். பதினேழு வருடப் பழக்கத்தில், ஒரு வாக்கியமாவது விளையாட்டில்லாமல் பேசியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றவில்லை. "அடுத்த வாரம் போயிருவம் சாமி" என்று அவர் சொல்வார், அல்லது நான் சொல்வேன். நாலு வருடமும் அடுத்த வாரமாகவே போயிற்று. அதனால்தான் விபத்தன்று போலீஸ் எங்கள் வீட்டுக்கு போன் செய்தது. கோமளவல்லி எடுத்தாள். "வரதுங்கிறவரு வீடாம்மா? ஒங்க வீட்டுக்காரரு ஆக்ஸிடெண்ட்ல..." என்றது குரல். அவள் போனைக் காதில் வைத்தபடியே, இட்லி தின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

காகிதப்படி அன்றைக்குச் செத்தது நான். இதை ஒரு துணுக்காக எழுதலாம் என்று, ஒரு கணம், அந்த நேரத்தில்கூடத் தோன்றியது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும்.

4

(இந்தப் பகுதியில் கார் கம்பெனியைப் பற்றி இரண்டு பக்கம் கோபமாக எழுதியிருந்தேன். கோமளவல்லி கிழித்துவிட்டாள். "அவா பண்ணது தப்புதான். ஆனா முருகேஸ்வரி உங்களைன்னா கேட்டா" என்றாள்.)

5

எங்கள் ஜில்லாவில் பெரிய வெள்ளம் வந்து போனதற்கு அடுத்த வருடம் ஆடி மாதம் கடிதம் வந்தது. மேலே இங்கிலீஷ், கீழே தமிழ். தமிழ் இப்படித் தொடங்கியது: "தங்கள் வாகனம் எங்கள் நிறுவனத்தால் திரும்ப அழைக்கப்படுகிறது."

திரும்ப அழைக்கப்படுகிறது! ஒரு துணுக்கு எழுத்தாளன் கையில் இப்படி ஒரு வரியைக் கொடுக்கலாமா? உடனே போனை எடுத்தேன்.

"ஓய் பாண்டி, உம்ம வண்டிக்கு லெட்டர் வந்திருக்கு."

"கோர்ட்டா சாமி?"

"மறுவீடு ஓய். பொறந்தாத்துலேர்ந்து பொண்ணைத் திரும்ப அழைக்கறா."

"ஏ யப்பா! கட்டிக் குடுத்து எத்தன வருசம் கழிச்சு! விருந்து உண்டுமா, சீருவரிச உண்டுமா?"

"எல்லாம் உண்டு. ஒரே ஒரு சிக்கல். ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?"

"ஒங்க பேர்ல."

"அப்போ சட்டப்படி மாப்பிள்ளை நான். கூட்டிண்டு போற நீர் யாருன்னு கேட்டா என்னன்னு சொல்லுவீர்?"

அங்கே சிரிப்பு தொடங்கிவிட்டது. பாண்டியின் சிரிப்பு பம்புசெட் மாதிரி. முதலில் ரெண்டு திணறல், பிறகு கொட்டும். நான் விடவில்லை.

"பொண்ணை உள்ள வச்சுண்டு உம்மை வாசலோட அனுப்பிச்சுடுவா ஓய். நீர் பஸ்லதான் ஏரல் திரும்பணும்."

"நான் அனுப்ப மாட்டேன் சாமி! பொண்ண நான் அனுப்பவே மாட்டேன்!"

இதுவரைக்கும் ஒரு சொல் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. சிக்கல் இதற்கு அடுத்தது.

கடிதத்தில் இரண்டாவது பத்தி ஒன்று உண்டு. "வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிகளில் இருந்த வாகனங்களில், காற்றுப்பை விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி, ஓட்டுநருக்குக் கடுமையான காயமோ உயிரிழப்போ நேரலாம். பழுதான பாகம் கட்டணமின்றி மாற்றித் தரப்படும்."

அதை நான் அவருக்கு வாசித்துக் காட்டினேனா?

வரைவு அ: சிரித்து ஓய்ந்ததும் குரலை மாற்றிக்கொண்டேன். "விளையாட்டு போறும் ஓய், இதைக் கேளும்" என்று சொல்லி வரி விடாமல் வாசித்தேன். அவர்தான் அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போட்டார்.

வரைவு ஆ: வாசிக்க வாயெடுத்தேன். வாசலில் கேஸ் சிலிண்டர்காரன் மணியடித்தான். "அப்பறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். கூப்பிடவில்லை.

வரைவு இ: வாசித்தேன். ஆனால் அதே மறுவீட்டுக் குரலில் வாசித்தேன். அவர் அதற்கும் சிரித்தார்.

மூன்றும் நடந்திருக்கலாம். மூன்றையும் என்னால் நம்பும்படி எழுத முடிகிறது. முதல் வரைவை எழுதும்போது மட்டும் கை தானாக ஓடுகிறது என்பதால் அதன்மேல்தான் எனக்கு அதிகச் சந்தேகம்.

சாட்சி தேடி ஏரலில் பாண்டி வண்டி விடுகிற மெக்கானிக்கைப் போய்ப் பார்த்தேன். பெவின் என்று பெயர், நாற்பது வயதுக்காரர். துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆயில் மாத்த வந்தாவ சார். அப்ப சொன்னாவ, 'ஏலே பெவினு, கம்பெனிக்காரன் எவனாது வந்து கேட்டான்னா, அந்த வண்டி இங்கன வாரதே இல்லன்னு சொல்லிரு. எனக்குப் பொண்ண அனுப்ப இஷ்டமில்ல'ன்னாவ. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"சிரிச்சுண்டே சொன்னாரா? இல்ல..."

பெவின் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அவிய எதத்தான் சார் சிரிக்காம சொன்னாவ?"

6

முடிவுகள்.

ஒன்று: கடிதத்தை அப்படியே ஒரு கவரில் போட்டு முருகேஸ்வரிக்குத் தபாலில் அனுப்பிவிடுவது. கவரில் முகவரிகூட எழுதினேன். ஒரு வரி எழுதிக் கூட வைக்க வேண்டும் என்று தோன்றியது. அந்த ஒரு வரி வரவில்லை.

இரண்டு: வேறு ஒரு கூத்தைச் சொல்லிவிடுவது. சிரித்தார், அவ்வளவுதானே? இதற்குச் சிரித்தார் என்று ஏதாவது ஒன்றைக் கொடுத்தால் அவள் வைத்துக்கொள்வாள். ஒரு மத்தியானம் உட்கார்ந்து நான்கு கூத்துகள் தயாரித்தேன். கோமளவல்லியிடம் சொல்லிக் காட்டினேன். நான்கையும் பொறுமையாகக் கேட்டாள். "இதுக்கெல்லாம் பாண்டி சிரிச்சிருக்க மாட்டார்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும் தெரியும், சிரித்திருக்க மாட்டார்.

மூன்று: இதில் பாண்டி வண்டியைக் கொண்டுபோய் விடுகிறார். சர்வீஸ் சென்டரில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஏசி குளிருக்குத் துண்டால் தலையைப் போர்த்திக்கொள்கிறார். மெஷின் காபியைக் குடித்துவிட்டு, "இத மாட்டுக்கு வச்சா மாடே பேசும்" என்கிறார். ரெண்டு மணி நேரத்தில் புதுப் பாகம் போட்டுக் கொடுக்கிறார்கள். சாவியை வாங்கிக்கொண்டு எனக்கு போன் செய்கிறார். "சாமி, பொண்ண எங்கூடயே அனுப்பிட்டாவ. ஒங்களத்தான் யாரும் கேக்கல." இதைப் பதினோரு பக்கம் எழுதினேன். நான் எழுதியதிலேயே நன்றாக வந்தது இதுதான். அதை விட்டு வெளியே வர மூன்று நாள் ஆயிற்று.

7

கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட்டு நேற்று பஸ் ஏறினேன். கடிதம் சட்டைப்பையில் இருந்தது.

உச்சி வெயில். முருகேஸ்வரி முற்றத்தில் உளுந்து காயப்போட்டுவிட்டு, கோழி வராமல் கையில் குச்சியோடு உட்கார்ந்திருந்தாள். "வாங்க சாமி" என்று எழுந்து, கடையில் சொல்லி ஒரு கலர் சோடா வாங்கி வந்து கொடுத்தாள். கூத்தைப் பற்றி அவள் கேட்கவில்லை. கேட்டதையே மறந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு அவளே, உளுந்தைக் கிளறிக்கொண்டே, முகம் பார்க்காமல் சொன்னாள்: "அது என்னன்னு சொல்லுதேன்னு சொன்னீய."

சொன்னேன். லெட்டர் வந்திருக்கு ஓய் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். என் குரலிலும் பேசினேன், பாண்டி குரலிலும் பேசினேன். வேறு வழி தெரியவில்லை. சீருவரிசை இடத்தில் அவள் நிமிர்ந்தாள். ஆர்.சி. இடத்தில் குச்சி கையிலிருந்து நழுவியது.

"சட்டப்படி மாப்பிள்ளை நான்" என்றதும் சிரித்துவிட்டாள்.

அவர் சிரித்த அதே இடம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. "மாப்பிள்ளையாம்லா! இந்தச் சாமிக்கு மாப்பிள்ள ஆசையப் பாரு!" தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. சிரிப்பில் வந்ததா என்று எனக்குத் தெரியாது. கோழி ரெண்டு வந்து உளுந்தில் இறங்கின. அவள் விரட்டவில்லை. "இதுக்குத்தான் சிரிச்சாவளா... பொண்ண அனுப்ப மாட்டேன்னாவளா..." என்று தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அவரோடு சேர்ந்து சிரிப்பதற்கு இரண்டு மாதம் பிந்தி வந்தவள் மாதிரி இருந்தாள்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதட்டில் சிரிப்பு இன்னும் இருக்க, என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"பொறவு? பொறவு என்ன சொன்னீய சாமி?"

அங்கே நான் என்ன சொன்னேன் என்பதை எழுதப்போவதில்லை. எழுதினால் அதையும் நன்றாக எழுதிவிடுவேன். அதுதான் பயமாக இருக்கிறது.

நான் சற்று நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் இங்கே வந்து உட்காருங்கள். வெயில் முதுகில் படும். கடிதம் இதோ, இரண்டாவது பத்தி மடிப்புக்குக் கீழே இருக்கிறது. மூன்று வரைவும் படித்துவிட்டீர்கள். அவள் முகத்தில் இருக்கும் சிரிப்பு இன்னும் கொஞ்ச நேரம்தான் நிற்கும். அதற்குள் ஏதாவது சொல்ல வேண்டும்.

அவள் இப்போது உங்களைத்தான் பார்க்கிறாள்.