பத்தாயிரம் லக்ஸ் அண்ணாச்சி

உப்பு விளையும் ஊரில் காசு கொடுத்து வெளிச்சம் வாங்கிய ஒரே ஆள் என்று நயினாரைத் தெருவே கேலி பேசியது. நரம்பின் மேலுறை பழுதாகும் நோய் அவருக்கு. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பெயர். பதினோரு மணியானால் உடம்பு ஈரச்சாக்காய்க் கனக்கும். மளிகைக் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுப் படுத்துவிடுவார். சிலர் சோம்பேறி என்றார்கள். மரியாதை தெரிந்தவர்கள் குடிகாரர் என்றார்கள்.

கடைக் கட்டடம் மைத்துனன் சிவபாலனுடையது. "அத்தான், மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். மத்தியானம் வரைக்குமாவது தெறந்து வச்சியள்னா கட உங்களுக்கு. இல்லன்னா நான் எடுத்துக்கிடுதேன்" என்றான்.

டாக்டர் ஒரு விளக்கு வாங்கச் சொன்னார். பத்தாயிரம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் தருவது. காலையில் அரைமணி நேரம் அதன் முன்னால் உட்கார்ந்தால் சிலருக்கு அசதி குறைகிறதாம். நயினார் முருகன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டுக் கல்லாவில் விளக்கைப் போட்டார். முருகனுக்கே கண் கூசியிருக்கும்.

நாலு நாளாகியும் ஷட்டர் பதினோரு மணிக்கே இறங்கியது. உப்பளம் வைத்திருக்கும் கூட்டாளி பாண்டித்துரைக்குப் பொறுக்கவில்லை.

"ஏலே, எங்க அளத்துல வெயிலு ஓசியில கொட்டிக் கெடக்கு. நீ டப்பாவுக்கு முன்னால உக்காந்திருக்க!"

"சூடு ஆகாதுன்னு டாக்டர் சொல்லுதாருலே."

"ஏசி ரூம்புல இருக்க மனுசனுக்கு வெயிலப் பத்தி என்ன தெரியும்?"

ஆசை யாரை விட்டது? நயினார் கூட்டாளியின் பைக்கில் ஏறிவிட்டார். பத்து மணி வெயிலில் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கால்மணி நேரம் கழித்து எழுந்தபோது கால்கள் இரண்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உப்பின் மேல் குப்புற விழுந்தார். பாண்டித்துரை பதறிப்போய் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நிழலுக்கு ஓடினார்.

"ஏலே நயினாரு, ஏதாச்சும் பேசுலே!"

வாயிலிருந்ததைத் துப்பிவிட்டு நயினார் சொன்னார்: "ஒன் உப்புல மண்ணு சாஸ்திலே."

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கிவிட்டது பாண்டித்துரை. மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "நீ வெளக்குகிட்ட உக்காரு. அதுவரைக்கும் யாவாரத்த நான் பாக்கேன்." மூட்டைகளையும் அவரே இழுத்துப் போட்டார். துவரம்பருப்பு கேட்ட வாடிக்கைக்காரி முத்துக்கனிக்குக் கடலைப்பருப்பைக் கட்டிக்கொடுத்தார்.

"அண்ணாச்சி, இந்த ஆள எங்கன பிடிச்சிய? பருப்பே தெரியலயே!"

"உப்பு கேளுளா, சரியாத் தாரேன்."

பாண்டித்துரை தினமும் வந்தார். ஷட்டரோடும் மூட்டையோடும் காலையிலேயே கரைந்துபோகும் தெம்பு நயினாரிடம் கொஞ்சம் மிஞ்சியது. அதில் விளக்கின் பங்கு எவ்வளவு, கூட்டாளியின் பங்கு எவ்வளவு என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. கடவுள் ஒரு கையால் மட்டும்தான் கொடுக்க வேண்டுமா என்ன?

மாதக் கடைசியில், பன்னிரண்டரை மணிக்கு, புது அலமாரிக்கு அளவெடுக்க டேப்போடு சிவபாலன் வந்தான். நயினார் ஸ்டூலில் உட்கார்ந்து சீரகம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், இன்னும் முழிச்சிருக்கியளா?"

"பாத்தா எப்படித் தெரியுது? சும்மா நிக்காதடே. அந்த அரிசி மூட்டைய இங்கன தள்ளு. எனக்கு அவ்வளவு சீவன் கெடையாது."

சிவபாலன் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூட்டையைத் தள்ளினான்.