ஏனோக் காண்ட்ராக்டரின் பந்து

ப்ளேக் வருவதற்கு முந்தின வருஷம், மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மைதானத்தில் கோல் காக்கும் பெருமாள் உதைத்த பந்து மேலே போயிற்று, திரும்பி வரவில்லை. ஆட்களைக் கீழே இறக்கும் ஷாஃப்ட்டின் உச்சியில் சுழலும் சக்கரத்தைவிட ஒரு பனை உயரம் கூடுதலாக ஏறி, போதும் என்று தோன்றிய இடத்தில் நின்றுவிட்டது. அந்த வாரம் ராகி விலை இறங்கியிருந்தபடியால் சந்தையில் பாதிப் பேர் அதைப் பற்றித்தான் பேசினார்கள். மீதிப் பேர் பந்தைப் பற்றிப் பேசினார்கள், அதுவும் அது ஏன் நிற்கிறது என்று இல்லை, ஆட்டம் என்ன ஆகும் என்றுதான்.

பந்தும் ஆட்டக்காரர்களும் ஏனோக் காண்ட்ராக்டருக்குச் சொந்தம். குடியாத்தம் பக்கத்திலிருந்து கூலி ஆட்களைக் கூட்டிவந்து சுரங்கத்தில் இறக்கிவிடுவது அவர் தொழில். தான் மட்டும் ஒருநாளும் இறங்கியதில்லை. இருட்டு அவருக்கு ஆகாது. வெள்ளைக்கார அதிகாரிகள் சனிக்கிழமை சாயங்காலங்களில் பந்து உதைப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு, தன் ஆட்களில் பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்து, ஆடுவதற்கென்றே சம்பளம் போட்டுக் கொடுத்தார். பந்து உதைக்கக் கூலியா என்று ஊரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஆட்டத்தின் சட்டம் ஒன்றுகூட அவருக்குத் தெரியாது. குடையும் கையுமாகக் கோட்டோரத்தில் நின்றுகொண்டு, "பணம் கட்டினவன் நானு, பந்து ஏண்டா அந்தப் பக்கமே போவுது?" என்று கத்துவார். தோற்றால் கேப்டனை மாற்றுவார், ஜெயித்தாலும் மாற்றுவார். மெட்ராஸிலிருந்து பூட்ஸ் தருவித்தபோது பதினொரு ஜோடிக்கும் தன் காலையே அளவு கொடுத்து அனுப்பினார். அவர் கால் பெரிய கால்.

அவரைப் பற்றி, கூலிக் குடிசைகள் வரிசையாக நின்ற அந்த லைனில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. பெருமாளின் மனைவி கிருஷ்ணம்மாவுக்கு இருந்தது மட்டும் நல்ல வார்த்தையில் சொல்லக்கூடியதாக இல்லை. பாறை தானாக வெடித்துச் சரிகிற ஏர்பிளாஸ்ட் ஒன்றில் மாட்டிய பெருமாளை மூச்சுப்பேச்சில்லாமல் வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதிலிருந்து அவனுக்குச் சுவர் ஆகாது. வாசற்படிக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டுதான் தூங்குவான். பிழைத்து எழுந்தவனை ஏனோக் மறுபடி சுரங்கப் பள்ளத்துக்கே அனுப்பினார். பிறகு ஒருநாள் அவன் கையின் நீளத்தைப் பார்த்துவிட்டு கோலில் நிறுத்தினார். கைக்காக நிறுத்தினாரே தவிர ஆளுக்காக இல்லை என்பது கிருஷ்ணம்மாவின் கட்சி. சந்தையில் மாட்டுப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவனுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம் என்று குழாயடியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள்.

அந்தப் போட்டி அதிகாரிகள் டீமோடு. அதன் தலைவர் ஹரோல்ட் துரை ஒரு பந்தயம் வைத்தார்: ஏனோக்கின் ஆட்கள் ஜெயித்தால் பதினொரு பேருக்கும் ஆயுளுக்கும் தரைக்கு மேலே வேலை, தாது அரைக்கும் மில்லில்; தோற்றால் அன்று சாயங்கால ஷிஃப்ட்டிலேயே எல்லோரும் பள்ளத்துக்குத் திரும்ப வேண்டும். யாரையும் கேட்காமல் ஏனோக் சரியென்று தலையாட்டிவிட்டு வந்தார். ஆட்டத்தன்று ஆட்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்கள். ஷாஃப்ட் வாயில் ஒரு வழக்கம் உண்டு: மேஸ்திரி முதலில் இறங்கும் கூண்டான கேஜில் கால் வைத்தால்தான் மற்றவர்கள் வைப்பார்கள், ஏறும்போது மேஸ்திரி கடைசி. அதைச் செய்யாத மேஸ்திரிக்குக் கீழே யாரும் வேலை செய்ய மாட்டார்கள்.

"நீங்க மொதல்ல எறங்கணுங்க ஐயா," என்றான் பெருமாள். "கடைசி ஆளு ஏறினப்புறந்தான் நீங்க ஏறணும்."

"இது இன்னா சுரங்கமாடா? புல்லுத்தரை."

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க."

ஏனோக் சிரித்துக்கொண்டே குடையோடு உள்ளே கால் வைத்தார். ஹரோல்ட் துரைக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அருமையான வழக்கம், இதையும் பந்தயத்தில் சேர்த்துவிடுவோம் என்றார்: ஆட்கள் உள்ளே இருக்கும்போது காண்ட்ராக்டர் கோட்டைத் தாண்டினால் அவர் டீம் தோற்றதாக அர்த்தம். ஒரு சாயங்காலப் பொழுதுதானே என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சுரங்கத்து வழக்கத்தைப் புல்லுத்தரைக்குக் கொண்டுவந்தால் என்ன நடக்கும் என்று யோசிக்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

அளவில்லாத பூட்ஸில் ஏனோக்கின் ஆட்கள் வழுக்கி விழ, அதிகாரிகள் ஒரு கோல் போட்டார்கள். பெருமாள் பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்காலால், ஏர்பிளாஸ்ட் நினைப்பு முழுவதையும் சேர்த்து ஓர் உதை உதைத்தான். அந்தப் பந்துதான் மேலே நிற்பது. நடுவர் டக்ளஸ் துரை அண்ணாந்து பார்த்தார், பைக்கடியாரத்தைப் பார்த்தார், விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பந்து வெளியேயும் போகவில்லை, கோலுக்குள்ளும் போகவில்லை, ஆட்டத்தில்தான் இருக்கிறது. ஆட்டத்தில் பந்து இருக்கும்போது விசில் ஊத மனசாட்சி இடம் கொடுக்காது என்று சொல்லிவிட்டார். பந்து இறங்கும்வரை பக்கத்துக்கு ஒருவராவது உள்ளே நிற்க வேண்டும், நிற்காத பக்கம் தோற்ற பக்கம். வெள்ளைக்காரர்கள் நாற்காலி போட்டுக்கொண்டு முறைவைத்து உட்கார்ந்தார்கள். ஏனோக்கின் ஆட்களுக்கு முறை என்றால் தெரிந்தது ஷிஃப்ட்தான். சுரங்கத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் ஒருவன் உள்ளே போவான், ஒருவன் வெளியே வந்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவான். ஆட்டம் முடியாததால் அவர்களைப் பள்ளத்தில் இறக்க ஒருவருக்கும் அதிகாரம் இல்லை.

அப்போதுதான் ஏனோக்குக்கு உறைத்தது. எந்த நேரமும் உள்ளே ஓர் ஆள் இருக்கிறான்; ஆகவே எந்த நேரமும் அவர் வெளியே வர முடியாது. பொழுது சாய்ந்தால் ஓடிவிடுவார் என்றாள் கிருஷ்ணம்மா. பொழுது சாய்ந்தது. மழை வந்தால் ஓடிவிடுவார் என்றாள். மழையும் வந்தது, குடைக்கடியில் பூட்ஸ் வந்த மரப்பெட்டியின் மேல் குந்திக்கொண்டு, நனைந்த கோழிபோல் இருந்தார். தான் எதிர்பார்த்தபடி அவர் ஓடாததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வருஷங்கள் போயின. ப்ளேக் வந்து லைனுக்கு லைன் கதவைச் சாத்திவிட்டுப் போயிற்று; மைதானத்தில் இருந்தவர்களை அது தொடவில்லை. பந்தின் மேல் ஒரு காக்கை கூடு கட்டிக் குஞ்சு பொரித்தது. பந்தின் நிழல் விழும் இடத்தில் மட்டும் கோடையிலும் புல் பச்சையாக இருந்ததால் ஆடுகளை அங்கே கட்டினார்கள். நிழல் கோல்கம்பத்தைத் தொட்டால் அடுப்புப் பற்ற வைக்கும் நேரம் என்பது பெண்களுக்குக் கணக்கு. ஏனோக்கின் தொழில் மெல்ல மெல்ல வேறு கைகளுக்குப் போயிற்று, உட்கார்ந்த இடத்திலிருந்து யாரால் கூலி ஆள் பிடிக்க முடியும்? ஹரோல்ட் துரை ஒரு பெரிய காண்ட்ராக்ட்டை நீட்டி, ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டால் உமக்குத்தான் என்று சொல்லி அனுப்பினார். காகிதத்தை இங்கே அனுப்புங்கள் என்றார் ஏனோக். காகிதம் வரவில்லை. அதற்காக அவர் மகானாகிவிட்டார் என்று யாரும் நினைக்க வேண்டாம். உள்ளே நின்றதே ஒருவன்தான், அவனையும் வாரம் ஒருமுறை கேப்டன் பதவியிலிருந்து நீக்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஷிஃப்ட்டுக்கு வருகிறவனிடம் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, கூரை மாற்றினாயா என்று கேட்கப் பழகியிருந்தார். பெருமாளிடம் ஒருநாள், சுவருக்குள் தூக்கம் வருகிறதா என்று கேட்டாராம். அவன் வந்து சொன்னபோது கிருஷ்ணம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அன்று குழாயடியில் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நண்பகலில் சாப்பாடு கொண்டுவருவது ஏனோக்கின் மனைவி இசபெல்லா. கோட்டுக்கு வெளியே அவள் உட்காருவாள், உள்ளே அவர் உட்காருவார், நடுவில் தட்டு. காவேரித் தண்ணீரிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்து சேர்ந்த வருஷம், ஒருநாள் அவள் வரவில்லை. பெருமாள் ஷிஃப்ட்டில் இருந்தான். அவனுக்குக் களி கொண்டுவந்திருந்த கிருஷ்ணம்மா, என்னவென்று பார்க்க அந்த வீட்டுக்குப் போனாள். இசபெல்லா பாயோடு பாயாகக் கிடந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. நெஞ்சில் சளி கட்டி, நாள் கணக்கில் மறைத்து வைத்த நோய் அது. இனி மருந்தில் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"அவருகிட்ட சொல்லாத கிருஷ்ணம்மா," என்றாள். "சொன்னா ஓடி வந்துடுவாரு. பதினோரு வூட்டு சாபம் எனக்கு வாணாம்."

கிருஷ்ணம்மா அடுப்பு மூட்டி ரசம் வைத்து, சோறு வடித்துக் கொண்டுபோய்க் கோட்டோரத்தில் வைத்தாள். ஏனோக் ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றது.

"இது அவ வெச்ச ரசம் இல்லியே," என்றார்.

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லிவிட்டாள். ஏனோக் எழுந்து கோடுவரை போனார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கின கால் தூக்கினபடி வெகுநேரம் நின்றது. பிறகு கோட்டுக்கு உள்ளேயே இறங்கியது. பெட்டியின் மேல் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அத்தனை பெரிய மனுஷன் விம்மி விம்மி அழுதார். நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரன்கூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"போங்க ஐயா!" என்று கத்தினாள் கிருஷ்ணம்மா. "பொண்டாட்டி அங்க சாவக் கெடக்குறா, இங்க இன்னாத்துக்குக் குந்திகினு கீறீங்க?"

"உள்ள உன் புருஷன் கீறாம்மா," என்றார் ஏனோக்.

அவளுக்கு அவர்மேல் வந்த கோபம் அதுவரை வந்த கோபங்களிலெல்லாம் பெரியது. இந்த ஆளைத் திட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம் என்று இருந்தாளே, அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாரே. அவர் காலை வெளியே வைத்தாலும் பெருமாள் பள்ளத்துக்குப் போவான். பெருமாள் வெளியே வந்தாலும் பள்ளத்துக்குப் போவான். ஒருவரும் வராவிட்டால் அந்த அம்மாள் தனியாகப் போய்விடுவாள். தூசியும் ரத்தமுமாய்ப் பெருமாளைக் கொண்டுவந்து போட்ட நாள் அவள் கண்முன் வந்து நின்றது. பதினொரு வீட்டுச் சமாச்சாரத்தை ஒருத்தி முடிவு செய்யக்கூடாது என்று லைனுக்கு ஓடி, மற்ற பத்துப் பேரையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கோட்டோரத்தில் எல்லோரும் நின்றார்கள். இத்தனை வருஷம் நின்றது வீணா என்று ஒருவன் கேட்டான். எங்கள் பிள்ளைகுட்டிகள் என்னாவது என்று ஒருத்தி அழுதாள். கிருஷ்ணம்மா, துண்டுக்குள் குலுங்கிக்கொண்டிருந்தவரைக் கையால் காட்டினாள், அவ்வளவுதான். கடைசியில் கேள்வி கேட்டவனே தரையைப் பார்த்தபடி, "கூப்புட்டுகினு வா," என்றான்.

அந்த மைதானத்துக்குள் எந்தப் பெண்ணும் கால் வைத்ததில்லை. கிருஷ்ணம்மா கோல்கம்பம்வரை நேராக நடந்து போய்ப் பெருமாளின் கையைப் பிடித்தாள்.

"வா மாமா, வூட்டுக்குப் போலாம்."

"ஆட்டம்?"

"ஆட்டம் கெடக்குது."

"அப்புறம் பள்ளத்துக்குத்தாம்மே போவணும்."

"தெரியும். வா."

அவன் அவளோடு நடந்தான். இருவரும் கோட்டைத் தாண்டினார்கள். ஏனோக் மைதானத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார், ஒருவரும் இல்லை. குடையை மடக்கினார், தாண்டினார், ஓட ஆரம்பித்தார். அந்த உடம்பு ஓடி அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

இசபெல்லா கண்ணைத் திறந்து, "ஆட்டம் முடிஞ்சிட்சா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

"எல்லாரும் ஏறிட்டாங்க, இசபெல்லா," என்றார் ஏனோக்.

அவள் கிறிஸ்துமஸ் வரைக்கும் இருந்தாள். டாக்டர் அதற்குக் காரணம் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பதினொரு பேரும் மறு ஷிஃப்ட்டிலேயே பள்ளத்துக்கு இறங்கினார்கள். முதல் நாள் பெருமாள் போன பிறகு கிருஷ்ணம்மா ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாயங்காலம் அவன் ஏறி வந்தான், மறுநாளும் ஏறி வந்தான். பயம் போகவில்லை, அதோடு சமைக்கவும் துவைக்கவும் அவள் பழகிக்கொண்டாள். ஹரோல்ட் துரை, தான் ஜெயித்ததாக எழுதிக் கொடுக்கச் சொல்லி நடுவரிடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் தோற்றது சரி, ஆனால் நீங்கள் ஜெயித்தீர்களா என்று பந்து இறங்கின பிறகுதான் சொல்ல முடியும் என்றார் டக்ளஸ். ஹரோல்ட் துரை வெறுங்கையோடு சீமைக்குக் கப்பலேறினார். இசபெல்லா போன பிறகு ஏனோக்குக்குக் காண்ட்ராக்ட்டும் இல்லை, சமைத்துப் போட ஆளும் இல்லை. கிருஷ்ணம்மா இரண்டு பேருக்கு வைத்த உலையில் மூன்று பேருக்கு அரிசி போட்டாள். ரசத்தில் புளி தூக்கல் என்று அவர் தினமும் குறை சொல்வார்; புடிச்சா துன்னுங்க, இல்லாட்டி எழுந்து போங்க என்று அவளும் தினமும் சொல்வாள்.

பிறகு ராபர்ட்சன்பேட்டை என்று புதுப் பேட்டை ஒன்று எழும்பியபோது, சாலை போட அளவுக்காரர்கள் சங்கிலியும் கொடியுமாக வந்தார்கள். அவர்கள் இழுத்த கோடு மைதானத்தின் குறுக்கே, பந்துக்கு நேர் கீழே போயிற்று. ஆடு கட்ட வந்திருந்த கிருஷ்ணம்மாவைக் கூப்பிட்டு, மேலே நிற்கிறதே, அது யாருடையது என்று கேட்டார்கள்.

"எங்க காண்ட்ராக்டருதுங்க," என்றாள். "அது அங்கயே இருக்கட்டும். நீங்க ரோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்குங்க."

அவர்கள் அண்ணாந்து ஒருமுறை பார்த்துவிட்டு, முளைக்குச்சிகளைப் பிடுங்கி, சாலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.