ஒன்பது கிளப் மாப்பிள்ளை

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து சவிரிமுத்து ஆட்டிறைச்சிக் கறியில் கை வைத்த நேரம் பார்த்து, மகள் றெபேக்கா தன் ஃபோனை அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் இடது சுட்டுவிரலால் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மகள் கட்ட விரும்புகிற பெடியனின் விபரம் அதில் இருந்தது. கோர்மக் டெவேன், வயது முப்பத்திமூன்று, பிறந்தது அயர்லாந்தில், தொழில் உதைபந்தாட்டம், விளையாடுவது நடுக்களத்தில். அதற்குக் கீழே ஒரு அட்டவணை. ஒரு பக்கம் ஆண்டுகள், மறுபக்கம் அவன் விளையாடிய கிளப்புகள். கடைசியில் இருந்த மொன்றியல் தவிர மற்றதெல்லாம் இங்கிலாந்தில்.

சவிரிமுத்து எண்ணினார். பதினாறு வருசத்தில் ஒன்பது கிளப். கண் பிழைத்திருக்கும் என்று கீழே இருந்து மேலே எண்ணினார். அப்போதும் ஒன்பதுதான் வந்தது.

“என்ன மகள் இது, பஸ் தரிப்பிடங்கள் மாதிரி?”

“அது அவரின்ரை கரியர், அப்பா. ஃபுட்போல்ல கனபேருக்கு இப்பிடித்தான்.”

சவிரிமுத்து மொன்றியலின் சென்ட் லோரன்டில் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருசமாகப் பொதி கட்டுகிறவர். அந்த இடைவெளியில் இயந்திரத்தை இரண்டு தரம் மாற்றினார்கள், அவரை மாற்றவில்லை. ரொக்ஸ்பரோவில் முதல் வாங்கின வீட்டில்தான் இன்னும் இருக்கிறார். கோவிலில் அவருக்கு வலது பக்கம் நாலாவது வரிசை வாங்கு. யாராவது தெரியாத்தனமாக அதில் இருந்துவிட்டால் பூசை முடியும்வரை அவருக்குப் பின்னால் போய் நிற்பார். ஒரு மனிசன் எவ்வளவு காலம் ஓரிடத்தில் நிற்கிறான் என்பதை வைத்துத்தான் அவனை எடைபோடுவார்.

மகள் வேற்றினத்தான் ஒருவனைக் கொண்டுவந்தால் என்னென்ன சொல்வது என்று அவர் பல வருசமாக ஆயத்தம் செய்து வைத்திருந்தார். முதலாவது, சமயம். அது சரிவரவில்லை. கோர்மக்கும் கத்தோலிக்கன், அறுவைச் சிகிச்சை செய்த முழங்காலோடு முழந்தாளிட்டுப் பூசை காண்கிறவன். சவிரிமுத்துவின் சொந்த மகன் றெக்ஸ் பூசை நேரம் கார் நிற்பாட்டுகிற இடத்தில் நின்று ஃபோன் பார்ப்பான். இரண்டாவது, குடி. அடுத்த கிழமை வீட்டுக்கு வந்த அன்றே கோர்மக் தேத்தண்ணீர் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டான். அத்தோடு செலீன் அவன் பக்கம் சாய்ந்துவிட்டா. மனைவியை அந்தளவு மலிவாக இழப்போம் என்று சவிரிமுத்து நினைத்திருக்கவில்லை.

மிஞ்சியது ஒன்பது கிளப். அவன் போனதும் மேசையில் அதை எடுத்தார்.

“ஒன்பது கிளப்பில நிலைச்சு நிக்காதவர் ஒரு பொம்பிளையோட நிப்பார் எண்டு என்ன நிச்சயம்?”

“நான் கிளப் இல்லை, அப்பா,” என்றாள் றெபேக்கா. கோர்மக்கின் மொன்றியல் கிளப்பில் முழங்கால் பார்க்கிற பிசியோ அவள்தான். மேசையில் இருந்து எழும்பிப் போனவள் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

“இஞ்சருங்கோ, சும்மா சொல்லாமல் விசாரிச்சுப் பாருங்கோவன்,” என்றா செலீன்.

விசாரிப்பது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. ஒரு சம்பந்தம் வந்தால் வேலை செய்கிற இடம், படித்த பள்ளிக்கூடம், பழைய பக்கத்துவீடு என்று ஒரு சுற்றுப் பேசி முடித்த பிறகுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார்கள். ஐரிஷ்காரனை யாரிடம் விசாரிப்பது என்று சவிரிமுத்து அரை மணித்தியாலம் யோசித்தார். பிறகு அவருக்கு வெளித்தது. உதைபந்தாட்டக் கிளப் இருந்து, தமிழன் ஒருவனின் பெற்றோல் ஸ்டேசனோ கடையோ இல்லாத ஊர் இங்கிலாந்தில் கிடையாது.

பிறந்த ஊர் விளையாட்டுக் கழகத்தின் மொன்றியல் கிளைக்குப் பத்தொன்பது வருசமாக அவர்தான் செயலாளர். உலகம் முழுக்க உள்ள ஊராட்களின் நம்பர் அவரிடம் இருந்தது. கழகப் பதிவுக் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு, கிளப், பழக்கவழக்கம், ஏன் போனார் என்று மூன்று தலைப்பு எழுதி, சனிக்கிழமை காலைகளில் ஃபோன் எடுக்கத் தொடங்கினார்.

முதலில் ஹார்ஸ்லியில் பெற்றோல் ஸ்டேசன் வைத்திருக்கிற நிஷான்.

“ஓம் அண்ணை, ஆளை நல்லாத் தெரியும். ஒவ்வொரு நாளும் பாலும் பாணும் வாங்க வாறவர்.”

“ஏதும் பிழையான பழக்கம்?”

நிஷான் சற்று யோசித்தான். “பந்தை முன்னுக்குக் குடுக்கமாட்டார், அண்ணை. எப்ப பார்த்தாலும் பின்னுக்குத்தான்.”

சவிரிமுத்து அதைப் பழக்கவழக்கத்தில் எழுதிக்கொண்டார். “பிறகு ஏன் போனவர்?”

“புதுக் கோச் வந்தவர். வந்த கையோட இவரை வேண்டாம் எண்டிட்டார்.”

தோர்ன்பியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் அனுஜன் சொல்லித்தான் ஒரு கிளப் இன்னொரு கிளப்புக்கு ஆளை இரவல் கொடுக்கும் என்பது சவிரிமுத்துவுக்குத் தெரியவந்தது. அவர் ஏணி இரவல் கொடுத்திருக்கிறார், சோற்றுக் கிடாரம் இரவல் கொடுத்திருக்கிறார். ஆளைக் கொடுத்ததில்லை.

“திருப்பிக் குடுத்தவையோ?”

“குடுத்தவை அண்ணை. திருப்பி வாங்கின ஆக்கள் அடுத்த கிழமையே வேற கிளப்புக்கு இரவல் குடுத்திட்டினம்.”

இப்படியே போனது. ஒருவர்கூட ஒரு குற்றமும் சொல்லவில்லை. மூன்றாவது தலைப்பின் கீழ் ‘போகச் சொன்னார்கள்’ என்று நாலு தரம் எழுதிக் களைத்து, ஐந்தாவதில் இருந்து ‘மேற்படி’ என்று போட்டார்.

எட்டாவது ஊர் கிரேமூர். வடக்கே கடற்கரையில் குளிர் பிடித்த ஊர். அங்கே கடை வைத்திருப்பவ இந்திராதேவி.

“அவரோ? அவரை மறக்கேலாது,” என்றா. “தை மாசம் கடைசி நாள், கிளப்புகள் ஆக்களை மாத்துறதுக்கும் அண்டைக்குத்தான் கடைசி. பின்னேரத்துக்கிடையில வேற ஊரில நிக்கவேணும் எண்டு மத்தியானம்தான் சொன்னவையாம். பையோட கடைக்கு வந்து, போயிட்டு வாறன் எண்டவர். நான் ஒரு இறைச்சி ரோல்ஸ் சூடாக்கிக் குடுத்தன். பால்பெட்டிக்கு மேல இருந்து அரை மணித்தியாலம் சாப்பிட்டவர், அண்ணை. ஒரு ரோல்ஸ்.”

“ஏதும் கதைச்சவரோ?”

“முதல் நாள்தான் வீட்டு யன்னலுக்குத் திரைச்சீலை வாங்கிக் கொழுவினதாம். அதை மட்டும் சொன்னவர்.”

சவிரிமுத்து மேற்படி என்று எழுதப் போய், எழுதாமல் பேனையை வைத்தார். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் அவருக்கும் அப்படி ஒரு அறிவித்தல் வந்தது, ஊரே உடனே வெளிக்கிடவேணும் என்று, ஒலிபெருக்கியில். அன்று காலைதான் கிணற்றுக்குப் புதுக் கயிறு மாற்றியிருந்தார். வீடு போனதை ஒருமாதிரி ஆற்றிக்கொண்டார். அந்தக் கயிற்றை முப்பது வருசம் கழித்தும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை. கொப்பியை மூடிவிட்டு, செலீன் கேட்டதற்கு லைன் கிடைக்கவில்லை என்றார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பாதர் அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

“அயர்லாந்தில இருந்து மாக்கிரட் எண்டு ஒரு அம்மா ஃபோன் எடுத்தவ. கோர்மக்கின்ரை தாய். உங்களைப் பற்றி விசாரிச்சவ.”

“என்னையோ?” சவிரிமுத்துவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எட்டு ஊருக்கு ஃபோன் எடுத்து அந்த மனிசியின் மகன் தின்ற ரோல்ஸ்வரை விசாரித்தவருக்கு, தன்னை ஒருவர் விசாரிப்பது மரியாதைக் கேடாகப் பட்டது. “என்ன கேட்டவ? வீடு வாசலோ, குடியோ?”

“ஒண்டுதான் கேட்டவ. தன்ரை மகனை நீங்கள் நிக்க விடுவியளோ எண்டு.”



“நீங்கள் என்ன சொன்னியள், பாதர்?”

“உங்களைக் கேட்டுச் சொல்லுறன் எண்டனான்.”

அன்று அவர் காரை எடுக்காமல் கனநேரம் உள்ளேயே இருந்தார். அவன் நிற்பானோ என்று ஊர் ஊராகக் கேட்டவருக்கு, அவனை நிற்க விட்டார்களோ என்று ஒரு தடவைகூடக் கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது. இறங்கித் திரும்பக் கோவிலுக்குள் போய்ப் பாதரிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். என்ன சொன்னீர்கள் என்று செலீன் கேட்டதற்கு, வாங்குக்கு ஆணி அடிக்க வேணும் என்று சொன்னதாகச் சொன்னார்.

கார்த்திகை முதற் கிழமை மொன்றியல் கிளப்பும் கோர்மக்கை வேண்டாம் என்று விட்டது. அந்தச் செய்தியை அவனே சொல்ல வந்தான். ஜக்கெற்றைக் கழற்றாமல் கதிரையின் நுனியில் இருந்தான். இந்த வீட்டில் அவன் எப்போதும் அப்படித்தான் இருப்பான். சவிரிமுத்து அதை அன்றுதான் கவனித்தார்.

“வேறு ஆட்கள் சொல்லி நீங்கள் அறியக்கூடாது என்று வந்தேன்,” என்றான் ஆங்கிலத்தில். “ஒன்பதாவதும் முடிந்தது. வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் எனக்கு விளங்கும்.”

சவிரிமுத்து எழும்பி அறைக்குள் போனார். எல்லாம் முடிந்தது என்று றெபேக்காவின் கண் நிறைந்துவிட்டது. அவர் கழகப் பதிவுக் கொப்பியோடும் ஒரு படிவத்தோடும் திரும்பி வந்து கோர்மக்குக்கு முன்னால் வைத்தார். ஊர்க் கழகத்தில் சேருகிற படிவம். ஊரோடு என்ன தொடர்பு என்ற இடத்தில் பிறப்பு, பெற்றோர், திருமணம் என்று மூன்று பெட்டி. மூன்றாவதில் அவரே புள்ளடி போட்டிருந்தார்.

“இன்னும் கட்டேல்லையே!” என்றா செலீன்.

“தையில மூண்டு ஞாயிறு கோவிலில கலியாண ஓலை வாசிக்கச் சொல்லிப் பாதரிட்டை எப்பவோ சொல்லிட்டன். அந்த மாக்கிரட்டுக்கும் சொல்லச் சொன்னனான்.”

கோர்மக் படிவத்தை மேலிருந்து கீழாகப் பார்த்தான். எழுத்து விளங்காவிட்டாலும் ஒப்பந்தங்கள் பார்த்துப் பழகிய கண். எதையோ தேடினான். “முடிகிற திகதி எங்கே?” என்று கேட்டான்.

சவிரிமுத்து கொப்பியைத் திறந்து பெயர்களைக் காட்டினார். இந்த இரண்டு பேரும் செத்துப் போனார்கள், பெயர் இருக்கிறது. இவர் சண்டை பிடித்துக்கொண்டு பக்கத்து ஊர்க் கழகத்துக்கு ஆறு வருசம் விளையாடினார், பெயர் இருக்கிறது. இதில் எழுதத்தான் முடியும், வெட்ட வழியில்லை. ஊருக்கு மருமகன் என்று வந்தவனை யாரும் விடவும் ஏலாது, இரவல் கொடுக்கவும் ஏலாது.

கோர்மக் நம்பாமல் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, ஆறடி மனிசன், சத்தம் போட்டு அழுதான்.

ஆம்பிளை அழுவதைப் பார்க்கச் சவிரிமுத்துவுக்குப் பொறுக்காது. அவர் மகள் பக்கம் திரும்பினார்.

“ஆனால் ஒண்டு, மகள், அவருக்கு விளங்கச் சொல்லு,” என்றார். “எங்கடை கழகத்தில பந்தை முன்னுக்குக் குடுக்கவேணும்.”